மூன்று வருடமாக என்ன செய்தாய்?

என் கடைக்கு வேலை விண்ணப்பம் அடிக்க வருகிற பிள்ளைகள் "சும்மாதாங்க்கா இருக்கேன்" என்று சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். இந்த உலகத்தில் யாரும் சும்மா இருப்பதில்லை. சும்மா இருப்பது அத்தனை சுலபமான வேலையும் இல்லை. பத்து நிமிடம் இருந்து பாருங்கள், தெரியும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இவற்றுக்கு நடுவில் நான். பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருக்கிறது. கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது "பயோடேட்டா அக்கா கடை எது?" என்றுதான்.

அந்தப் பெயர் எனக்கு வந்த கதை சின்னது. வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அனுபவம் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்காது. பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் "புத்தகம் படித்தல், பாட்டுக் கேட்டல்" என்று போடச் சொல்வார்கள். கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று கேட்டால் என்னையே திருதிருவென்று பார்ப்பார்கள். அதனால் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். பிரிண்டரில் வீணாய்ப் போன தாளைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்து, "நேத்து காலைல கண்ணு முழிச்சதுலேர்ந்து சொல்லு, பல்லு தேச்சது உட்பட" என்பேன். முதலில் சிரிப்பார்கள். பிறகு சொல்வார்கள். சொல்லச் சொல்ல, அவர்களுக்கே தெரியாத ஒன்று வெளியே வரும்.

ஒருத்தி தினமும் காலையில் நான்கு தங்கைகளுக்கு ஏழரை மணிக்குள் தலை பின்னிவிடுகிறவள். "அது வேலையாக்கா?" என்றாள். இன்று மின்கம்பிக் கட்டுகள் பின்னுகிற தொழிற்சாலையில் அவள்தான் அந்த வரிசைக்கே தலைவி. ஒருவன் வீட்டுத் தொட்டியில் மீன் வளர்க்கிறவன். வாரா வாரம் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்த்து, நோட்டில் குறித்து வைப்பான். அவன் இப்போது ஊருக்கே குடிதண்ணீர் சுத்தம் செய்கிற இடத்தில் இருக்கிறான். இன்னொருவன் பதினொரு மணிக்கு எழுந்திருக்கிற ஆள். அவனைக் கைகழுவ இருந்தேன். கடைசியில் பார்த்தால், போனில் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு விளையாடுகிறான். யார் எந்த நாட்டில், எப்போது தூங்கி எப்போது விழிப்பார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். பார்சல் கிடங்கில் ஆட்களுக்கு நேரம் போட்டுக் கொடுக்கிற வேலை கிடைத்தது. இன்னும் பதினொரு மணிக்குத்தான் எழுந்திருக்கிறான், அது வேறு விஷயம்.

பொய் எழுத மாட்டேன். உள்ளதற்குக் கொஞ்சம் பவுடர் போடுவேன், அவ்வளவுதான்.

இப்படி ஊரார் பிள்ளைகளையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிய நான், ஒரே ஒருத்தியிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவள் என் தங்கை.

எங்கள் வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வருட வித்தியாசம். அப்பா இறந்து வெகுநாள் ஆகிறது. எனக்குக் கல்யாணமாகி நான் ஊரின் இந்தக் கோடிக்கு வந்துவிட்டேன், அம்மாவும் அவளும் அந்தக் கோடியில் பழைய வீட்டில், முதல் மாடியில் இருக்கிறார்கள். கல்லூரியில் முதல் வருடம் முடித்தவள், இரண்டாம் வருடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கேட்டால், "பிடிக்கலக்கா" என்பாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், ஒரு மாதம் பேசாமலும் இருந்து பார்த்தேன். அம்மா எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "செல்லம் குடுத்துக் குட்டிச்சுவராக்கிட்ட" என்று அம்மாவையும் சேர்த்துத் திட்டினேன். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் போவேன், சாப்பிடுவேன், கிளம்பும்போது மறக்காமல் அவளை ஒரு வார்த்தை குத்திவிட்டு வருவேன்.

அவளும் சளைத்தவள் இல்லை, வாயாடி. நான் படியேறும்போதே ஆரம்பித்துவிடுவாள். "அக்கா வந்துட்டா! பச்சைச் சட்டை, முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டா, கையில ஒரு பை, அதுல ஆரஞ்சு. மாமா வரல, மூஞ்சி உர்ருன்னு இருக்கு!" என் வீட்டுக்காரர் அவளுக்கு ரேடியோ என்று பெயரே வைத்திருந்தார். அம்மா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "இளைச்சுட்டியேடி" என்பாள். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அதே வார்த்தை. அப்புறம், "கம்ப்யூட்டரையே பாத்துட்டிருக்கியே, கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வாயேன்" என்பாள். அதுவும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் குட்டி என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு அப்ளிகேஷன். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

வேலையா, நீயா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் ஆள் எடுக்கிறார்கள். ஆபத்தில் இருக்கிறவர்கள் போன் செய்தால் எடுத்து, எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டறிந்து, வண்டி போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டே இருக்கிற வேலை. படிப்பு பெரிதாகக் கேட்கவில்லை, அவர்களே பயிற்சி கொடுப்பார்கள். ஒரே ஒரு கட்டம்தான் பெரிதாக இருந்தது. கடந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் செய்துவந்தது என்ன, உங்கள் சொற்களில் எழுதுக. கீழே, அதை உறுதிசெய்யக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண்.

"அம்மாதான் ரேடியோல விளம்பரம் கேட்டுட்டுப் போடச் சொன்னா" என்றாள் குட்டி. "உனக்குன்னே செஞ்ச வேலைடீன்னா. எனக்கும் ரொம்ப ஆசையா இருக்குக்கா. ஆனா இந்தக் கட்டத்துல என்ன எழுதறதுன்னு தெரியல."

ஆசையா இருக்கு என்று அவள் வாயிலிருந்து கேட்டு மூன்று வருடம் ஆகிறது. ஒரு வீண் தாளை எடுத்துத் திருப்பிப் போட்டேன்.

"நேத்து காலைல கண்ணு முழிச்சதுலேர்ந்து சொல்லு."

"எழுந்தேன். பல்லு தேச்சேன். வீட்ல சும்மாதான்க்கா இருந்தேன்."

"அந்த வார்த்தையை மட்டும் என்கிட்ட சொல்லாத."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் அவள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி தணிந்த குரலில் பேசத் தொடங்கினாள். பேருந்துச் சத்தத்துக்கு நடுவே எனக்குத் துண்டு துண்டாகக் கேட்டது.

"இன்னும் கீழ காட்டு. அது இல்ல, அதுக்குப் பக்கத்துல, ரெண்டாவது. ஆ, அதுதான், எடு. இப்ப மெதுவா திரும்பு. முன்னாடி ஒண்ணும் இல்ல, நேரா மூணு அடி வா. நில்லு, நில்லு! கதவு பாதி திறந்திருக்கு. இடது கையால தள்ளிட்டுப் போ."

எனக்குப் புரிந்துவிட்டது. கேம்! நம் பதினொரு மணிக்காரன் மாதிரியேதான். எங்கேயோ இருக்கிற ஒரு ஆளைக் கோட்டைக்குள் நடத்திக்கொண்டு போகிறாள். மூன்று வருடம் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து கேம் ஆடியிருக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்திருக்க வேண்டும். தொழில் புத்தி முந்திக்கொண்டது. என்ன நிதானம், என்ன கணக்கு! இந்த வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்? அவள் திரும்பி வருவதற்குள் அடித்தே முடித்துவிட்டேன்.

"கேளு. 'இணையவழிக் குழு விளையாட்டுகளில், தொலைவில் உள்ள வீரர்களைக் குரல் மூலம் நிகழ்நேரத்தில் வழிநடத்திய மூன்றாண்டு அனுபவம்.' எப்படி?"

குட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு வேகமாகத் தலையாட்டினாள். "ஆமாக்கா, கேம்தான். அப்படியே போட்டுடு."

"எத்தனை பேர் உன் குழுவுல?"

"ரெண்டு பேர்."

"ரெண்டா? பத்துன்னு போடட்டுமா?"

"பொய் வேணாம்க்கா. ரெண்டு பேர்தான்."

"சரி, கேம் பேர் என்ன? அந்த இன்னொரு ஆளோட நம்பர் குடு, உறுதி செய்ய அவங்களையே போட்டுடலாம்."

குட்டியின் முகம் வெளுத்தது. "டீ வாங்கிட்டு வரேன்க்கா" என்று போனைச் சார்ஜரில் செருகிவிட்டு அடுத்த கடைக்கு ஓடிவிட்டாள்.

அவள் போய் இரண்டு நிமிடம் இருக்கும். போன் மறுபடி அடித்தது. வீடியோ அழைப்பு. திரையில் "அம்மா" என்று இருந்தது. அம்மாவுக்கு வீடியோ கால் எல்லாம் எப்போதிருந்து என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

அம்மாவின் முகம் தெரியவில்லை. சமையலறைத் தரை தெரிந்தது, கோணலாக. அதில் அம்மாவின் இரண்டு வெறுங்கால்கள். அவற்றைச் சுற்றிலும் உடைந்த கண்ணாடி.

"குட்டி, டம்ளர் கைதவறிடுச்சு" என்றாள் அம்மா, அமைதியாக. "நான் அசையாம நிக்கிறேன். எங்கெங்க கெடக்குன்னு சொல்லு."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பட்டப்பகல். சமையலறை ஜன்னல் வழியே வெயில் விழுந்து ஒவ்வொரு துண்டும் மின்னிக்கொண்டிருக்கிறது. எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அம்மா அதற்கு நடுவில் நின்றுகொண்டு எங்கே கிடக்கிறது என்று கேட்கிறாள்.

"குட்டி? இருக்கியா?"

வாயைத் திறந்தேன். "அம்மா, அந்தப் பக்கம்... இல்ல, இந்தப் பக்கமும்..." என்றேன். அம்மாவின் வலது கால் லேசாக எழும்பியது. "ஐயோ!" என்று கத்தினேன். கால் அந்தரத்தில் நின்றது. ஊருக்கெல்லாம் வார்த்தை எழுதிக் கொடுக்கிறவளுக்கு, பெற்ற தாய் காலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

குட்டி இரண்டு டீயோடு வந்தாள். ஒரே பார்வைதான். டம்ளர்களை மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அம்மா, குட்டி வந்துட்டேன். வலது காலை எங்கேர்ந்து எடுத்தியோ அங்கயே வை. அங்க சுத்தமா இருக்கு. ம். இப்ப போனைத் தோளுக்கு மேல கொண்டு போய்ப் பின்பக்கம் காட்டு. இன்னும் கொஞ்சம் சாய்ச்சு. சரி, பின்னாடி ஒண்ணும் இல்ல. இடது காலைத் தூக்கி நேரா ஒரு அடி பின்னாடி வை. இப்ப வலது கால். இன்னொரு அடி. அலமாரி முதுகுல படுதா? வலது கையை நீட்டு, நாற்காலி இருக்கும். உக்காந்து காலை மேல வெச்சுக்கோ. நான் வர்ற வரைக்கும் இறங்கக் கூடாது."

"மொதல்ல எடுத்தது யாரு?" என்று அம்மாவின் குரல் கேட்டது.

குட்டி என்னைப் பார்த்தாள். "அக்கா."

"சரி" என்று அம்மா வைத்துவிட்டாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"கண்ணுல அழுத்தம்க்கா. ஓரத்துலேர்ந்து இருட்டிக்கிட்டே வந்திருக்கு, அவளுக்கே லேட்டாத்தான் தெரிஞ்சுது. நான் காலேஜ் மொத வருஷம் முடிச்சப்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். போனது திரும்பாதுன்னுட்டார். இப்ப வெளிச்சம் எது, இருட்டு எதுன்னு மட்டும் தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டா. நீ அப்பதான் கடை போட்டு ரெண்டு மாசம்." அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "அக்கா, அந்தக் கட்டத்துல இதை எழுதாத. கேம்னே போடு. இல்லாட்டி காலியா விட்டுடு. வேலை கிடைக்கலன்னாலும் பரவாயில்ல, அம்மாவுக்குக் குடுத்த வார்த்தையை என் வாயாலயோ கையெழுத்தாலயோ உடைக்க மாட்டேன்."

மணி இரண்டரை. கடையை இழுத்துப் பூட்டினேன். இருவரும் பேருந்தில் ஏறினோம். பச்சைச் சட்டை, குட்டை முடி, கையில் ஆரஞ்சு, மாமா வரல. மூன்று வருடமாக அவள் யாருக்காகக் கத்தினாள் என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒவ்வொன்றாக எனக்கு உறைத்துக்கொண்டிருந்தது. குத்திப் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா நாற்காலியில் சம்மணமிட்டு, தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். குட்டி துடைப்பத்தை எடுத்தாள். நான் அழத்தான் வந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது என்னவோ சண்டை.

"நான் என்ன செத்தா போயிட்டேன்? பெத்த பொண்ணுகிட்ட மறைக்கிற விஷயமா இது? வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"கீழ்வீட்டு டெய்லருக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

"டெய்லருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது!"

"கத்தாத. டெய்லர் என் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டார். நீ இழுப்ப. கடையைப் பூட்டிட்டு ஓடி வந்திருப்ப. இல்லாட்டி உன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் ஒரு மூலையில உக்கார வெச்சு, இந்தா காப்பி, இந்தா மாத்திரைன்னு நீட்டுவ. பாசத்துலதான் செய்வ, தெரியும். ஆனா அதோட நான் முடிஞ்சேன்." அம்மா கையை நீட்டிக் காற்றில் என்னைத் தேடினாள். நான் அருகில் போனேன். "மூணு மாசம் சமாளிடின்னுதான் இவகிட்ட கேட்டேன். நானே பழகிக்கிட்டு உன்கிட்ட சொல்லிடலாம்னு. மூணு மாசம் மூணு வருஷம் ஆயிடுச்சு. இவ படிப்பு போச்சு. அது நான் செஞ்ச தப்பு. யார் மேலயும் போட மாட்டேன்."

குட்டி பெருக்குவதை நிறுத்தியிருந்தாள்.

"அம்மா, அந்த விண்ணப்பத்துல மூணு வருஷமா என்ன செஞ்சன்னு கேக்கறாங்க" என்றேன். "உன்னைப் பத்திச் சொல்லாம அவளுக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. சொல்லவும் மாட்டேங்கறா. அஞ்சு மணிக்கு முடியுது."

அம்மா குட்டி இருந்த திசையில் முகத்தைத் திருப்பினாள். "அதான் மத்தியானத்துலேர்ந்து குரல் சரியில்லையா? அசடு. நான்தானடி போடச் சொன்னேன்? அப்படிக் கேப்பாங்கன்னு எனக்கு என்ன தெரியும்?" பிறகு என்னிடம், "எழுது. என்னைப் பத்தியே எழுது. ஊருக்கே தெரியட்டும்" என்றாள்.

"நான் போயிட்டா நீ எப்படிம்மா?" என்றாள் குட்டி. கேட்க முடியாமல் கேட்டாள்.

"இப்ப எப்படியோ அப்படித்தான். இந்த வீட்ல எது எங்க இருக்குன்னு உன்னைவிட எனக்குத் தெரியும். முடியலன்னா ஒரு போன். எடுக்கத்தான் இன்னொருத்தி வந்துட்டாளே."

மணி நாலே கால். என் போனிலேயே விண்ணப்பத்தைத் திறந்து அடிக்க ஆரம்பித்தேன். கை தானாகப் பழைய பவுடர் டப்பாவைத் தேடியது.

"'பார்வையிழந்த தாயாரை மூன்றாண்டுகள் அர்ப்பணிப்புடன் பராமரித்தமை...'"

"பராமரிக்க நான் என்ன பழைய மோட்டாரா?" என்றாள் அம்மா. "அழி அதை. அவ என்னைப் பராமரிக்கல. எதிர்ல என்ன இருக்குன்னு சொன்னா. நடந்தது நான். சமைச்சது நான். கடைக்குப் போய் நல்ல தக்காளியாப் பொறுக்கினது நான். என்னால பாக்க முடியாததை மட்டும் சொல்லிட்டு, மீதியை எனக்கு விட்டா. ஒரு நாளும் 'உன்னால முடியாது, நகரு'ன்னு சொன்னதில்ல. அதை எழுது."

எழுதினேன். இத்தனை வருடத்தில் நான் எழுதியவற்றிலேயே சின்னது அதுதான்.

*என் அம்மாவுக்குப் பார்வை இல்லை. மூன்று வருடமாக, நேரிலும் போனிலும், அவர் எதிரில் என்ன இருக்கிறது என்று சொல்லிவந்தேன். நடந்தவர் அவர்.*

உறுதிசெய்பவர் என்ற இடத்தில் அம்மாவின் எண். உறவு என்று கேட்டிருந்த இடத்தில் தாய் என்று போட்டேன். நாலு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. குட்டி அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். "உன்னால இல்லக்கா, களைப்பா இருக்கு" என்றாள் என்னைப் பார்த்து. இருக்காதா பின்னே. அவள் தலையைத் தடவிக்கொண்டு, "என்னை மன்னிச்சுடுடி" என்றேன். அந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு வாரம் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து அம்மாவை அழைத்தார்கள். உங்கள் மகள் பதறுவாரா என்று கேட்டார்களாம். "நல்லா பதறுவா. கை என் தோள்ல இருந்தா நடுங்கறது தெரியும். குரல்ல மட்டும் வராது" என்று சொன்னாளாம் அம்மா. இப்படியா சொல்வது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், போனாள், எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குள் நான் பயிற்சியில் இறங்கியிருந்தேன். அம்மாவின் அழைப்பு இப்போது என் கடைக்கும் வரும். ஆரம்பத்தில் நான் படு மோசம்.

"அங்கதாம்மா இருக்கு."

"அங்கன்னா எங்க?"

"அந்த அழகான பூப்போட்ட டப்பா பக்கத்துல."

"பூவை நான் என்ன செய்யறது? எத்தனையாவது டப்பா, அதைச் சொல்லு. இவளைப் போய் ஊர்ல கெட்டிக்காரிங்கறாங்க."

வரிசையில் நிற்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு மாதத்தில், வலது எது இடது எது என்று யோசிக்காமல் சொல்லப் பழகிவிட்டேன். கண்ணையும் காட்டிவிட்டு வந்தேன். எனக்கும் அம்மாவைப் போலவே கண்ணில் அழுத்தம் ஆரம்பித்திருக்கிறதாம். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார், நேரத்தோடு வந்தீர்கள் என்றார்.

குட்டி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலை ஆறு மணிக்கே நான் பழைய வீட்டுக்குப் போய்விட்டேன். அவர்கள் கொடுத்த சீருடையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைப் பையில் திணித்துக்கொண்டு, "சரிம்மா, கிளம்பறேன். கருநீலச் சட்டை, கழுத்துல அடையாள அட்டை, ஷூ கொஞ்சம் பெரிசு" என்றாள்.

"சட்டையை யார் கேட்டா?" என்றாள் அம்மா. "நில்லு அங்கயே." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு. இவ எப்படி இருக்கா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மூணு வருஷமா எல்லாத்தையும் சொல்லியிருக்கா. ரோட்டுல போற நாய் வரைக்கும். தன்னைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. எனக்குத் தெரிஞ்சது பதினெட்டு வயசு மூஞ்சி. தொட்டா மூக்கு, காது தெரியுது. எப்படி இருக்கான்னு தெரியல. பவுடர் போடாம சொல்லு."

குட்டி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் மூத்தவள், தூக்கி வளர்த்தவள், வாரா வாரம் வந்துபோனவள், அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கன்னம் வத்திடுச்சும்மா. பழைய உப்பல் இல்ல. புருவத்துக்கு நடுவுல ஒரு கோடு விழுந்திருக்கு. கண்ணுக்குக் கீழ கொஞ்சம் கறுப்பு. முடியைத் தூக்கிக் கட்டியிருக்கா, காதோரம் ரெண்டு மூணு நரை இருக்கு."

"நரையா? இந்த வயசுலயா?"

"ஆமா. அப்பாவுக்கும் அப்படித்தானே சீக்கிரம் வந்துச்சு. கீழ் உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா. அழகா இருக்காம்மா. இது பவுடர் இல்ல."

அம்மா அதையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிவைத்துக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டினாள். தெருவில் பேருந்து திரும்புகிற சத்தம் கேட்டது.

"பயப்படறாளா?"

"பயப்படறா."

"சந்தோஷமா இருக்காளா?"

"இருக்கா."

"எதுடி அதிகம்?"

வாயில் விடை தயாராக இருந்தது. ஆனாலும் நான் என் தங்கையின் முகத்தை இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"சந்தோஷம்தாம்மா."